கத்தரிக்கோலால் வெட்டிய முழுநீளப் படம்: 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1926இல் பெர்லினில் வெளியான இந்த ஜெர்மானிய அனிமேஷன் படத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன. படத்தை இன்னும் பார்க்காதவர்களும் முதல் கேள்வியிலிருந்து படித்துக்கொண்டு வரலாம்.

இது என்ன படம்? கதையைச் சுருக்கமா சொல்லுங்க.

லொட்டே ரைனிகர் (1899–1981) இயக்கிய ஊமைப்படம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும். ஆட்கள், மரங்கள், அரண்மனைகள், பேய்கள் எல்லாமே கறுப்பு அட்டையில் வெட்டிய நிழலுருவங்கள். கதை 'ஆயிரத்தொரு இரவுகள்' தொகுப்பின் பல துண்டுகளைக் கோத்துச் செய்தது.

ஆப்பிரிக்க மந்திரவாதி ஒருவன் பறக்கும் குதிரையைக் கலீபாவிடம் கொண்டுவருகிறான். விலையாகக் கலீபாவின் மகள் தினார்சாதேயைக் கேட்கிறான். அவளுடைய அண்ணன் அக்மத் குறுக்கே நிற்க, அவனைக் குதிரையில் ஏற்றி மேலே அனுப்பிவிடுகிறான். மேலே போகும் விசையைக் காட்டியவன் கீழே இறங்கும் விசையைச் சொல்லவில்லை. அக்மத் வாக் வாக் என்ற மாயத்தீவில் இறங்குகிறான், அதன் அரசி பரி பானுவைக் காண்கிறான். பிறகு சீனா, தீமலைச் சூனியக்காரி, அலாவுதீனின் விளக்கு என்று ஐந்து அங்கங்களில் கதை போகிறது.

உலகத்துலேயே முதல் முழுநீள அனிமேஷன் படம் டிஸ்னியோட 'ஸ்னோ ஒயிட்' தானே?

இல்லை. 'ஸ்னோ ஒயிட்' 1937 டிசம்பரில் வந்தது. அக்மத் அதற்குப் பதினோரு வருஷம் முந்தியது. 'ஸ்னோ ஒயிட்'டுக்குரிய பெருமை வேறு: செல்லுலாய்டு தாள்களில் வரைந்து எடுத்த முதல் முழுநீளப் படம் அது.

அதற்காக அக்மத்தை "முதல் படம்" என்று எழுதுவதும் தவறு. அர்ஜென்டினாவில் குயிரினோ கிறிஸ்தியானி 1917இலேயே 'எல் அபோஸ்தோல்' என்ற முழுநீள அனிமேஷன் படத்தை எடுத்துவிட்டார். அதுவும் வெட்டிய அட்டை உருவங்களால் ஆனதுதான். ஆனால் அதன் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆகவே சரியாகச் சொல்ல வேண்டுமானால், இன்று நம்மால் பார்க்க முடிகிற முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது அக்மத்.

யார் இந்த லொட்டே ரைனிகர்? சினிமாவுக்குள்ள எப்படி வந்தாங்க?

பெர்லினின் ஷார்லோட்டன்பர்க் பகுதியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே காகிதத்தில் நிழலுருவம் வெட்டும் கை. நடிகரும் இயக்குநருமான பவுல் வேகனர், சினிமாவில் என்னென்ன அதிசயம் செய்யலாம் என்று பேசிய ஓர் உரையைக் கேட்டு ஈர்க்கப்பட்டு, மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் நாடகப் பள்ளியில் சேர்ந்தார். மேடை ஓரத்தில் நின்று நடிகர்களின் உருவங்களை வெட்டிக் காட்டியே வேகனரின் கவனத்தைப் பிடித்தார். 1918இல் வேகனரின் 'ஹாமெலின் குழலூதி' படத்தில் காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகளுக்கு நிழலுருவங்களை வெட்டிக் கொடுத்தார். அதே படத்தில் நிஜ எலிகள் சொன்னபடி நடக்கவில்லை. மர எலிகளைச் செய்து, பிரேம் பிரேமாக (ஃபிலிமில் பதியும் ஒவ்வொரு தனிப் படத்துக்கும்) நகர்த்திப் படமாக்கினார்கள். அந்த வேலையிலும் இவர் கை இருந்தது.

மறு வருஷம் பெர்லினின் பண்பாட்டு ஆய்வு நிறுவனத்தில் முதல் நிழலுருவக் குறும்படம் எடுத்தார். அங்கே சந்தித்த கார்ல் கோஹ் என்பவரை 1921இல் மணந்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வருகிறது.

24 வயசுப் பொண்ணை நம்பி முழுநீளப் படத்துக்கு யார் பணம் போட்டாங்க?

லூயி ஹாகன் என்ற வங்கியாளர். 1923இல் ஜெர்மனியில் காகிதப் பணத்தின் மதிப்பு காலைக்கும் மாலைக்கும் நடுவே சரிந்துகொண்டிருந்தது. கையில் பணமாக வைத்திருந்தால் கரைந்துபோகும் என்பதால் பொருளாக வாங்கிப் போட்டார்கள். ஹாகன் வாங்கிப் போட்ட பொருள் கச்சா ஃபிலிம். ரைனிகர் வேலை செய்வதை ஏற்கெனவே பார்த்திருந்த அவர், இதை வைத்து ஒரு முழுநீளப் படம் எடுக்க முடியுமா என்று கேட்டார்.

அன்றைக்கு அனிமேஷன் என்றால் சில நிமிடச் சிரிப்புத் துண்டு. ஒரு மணி நேரம் ஜனங்கள் உட்கார்ந்து பார்ப்பார்களா என்று துறையில் இருந்தவர்களே சந்தேகப்பட்டார்கள். ஃபிலிம் கையில் இருந்ததும், ஸ்டூடியோ முதலாளி என்று யாரும் தலைக்கு மேல் இல்லாததும் சேர்ந்துதான் மூன்று வருஷம் நிதானமாக உட்கார்ந்து செய்ய இடம் கொடுத்தன. இந்தப் படத்தின் கலைத்துணிச்சலைப் பற்றிப் பேசும்போது இந்தப் பொருளாதாரத்தை விட்டுவிடக் கூடாது.

எந்த ஸ்டூடியோவில் எடுத்தாங்க?

ஸ்டூடியோ என்று சொல்ல முடியாது. பெர்லினை ஒட்டிய போட்ஸ்டாமில் ஹாகனின் வீட்டுக் கார் ஷெட்டுக்கு மேலே இருந்த மாடம். கூரை மிகவும் தாழ்வு. மேலிருந்து கீழே பார்க்கும் கேமராவுக்குப் பரந்த காட்சி கிடைக்க வேண்டுமானால் கேமராவுக்கும் உருவங்களுக்கும் நடுவே தூரம் வேண்டும். அதனால் கேமராவைக் கூரை விட்டத்தோடு ஒட்டிக் கட்டி, கண்ணாடிப் பலகையைத் தரைக்கு அருகில் இறக்கினார்கள். பழைய காரிலிருந்து கழற்றிய இருக்கைகளைத் தரையில் போட்டு, அதன்மேல் மண்டியிட்டுத்தான் ரைனிகர் உருவங்களை நகர்த்தினார்.

உருவங்களை எதுல செஞ்சாங்க? ஏன் ஈயம்னு சொல்றாங்க?

கறுப்பு அட்டையும் மெல்லிய ஈயத் தகடும். தலை, கழுத்து, மார்பு, இடுப்பு, மேல்கை, முன்கை, உள்ளங்கை, தொடை, கெண்டைக்கால், பாதம் என்று தனித்தனியாக வெட்டி, மூட்டுகளில் மெல்லிய கம்பியால் இணைத்தார்கள். நுட்பமாக அசைய வேண்டிய உருவத்துக்கு 25 முதல் 50 துண்டுகள்வரை தேவைப்பட்டன. ஈயம் எடைக்காக. கீழேயிருந்து வரும் விளக்குச் சூட்டில் வெறும் அட்டை சுருண்டு எழும். சுருண்டால் ஓரம் மங்கிவிடும், கண்ணாடியில் ஒட்டி நிற்காது, ஒரு கையைத் தொட்டால் மொத்த உடம்பும் நகரும். ஈயம் உருவத்தைத் தட்டையாக, வைத்த இடத்தில் கிடக்கச் செய்தது.

மூட்டில் இரண்டு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஆனால் ஒளி பின்னாலிருந்து வருவதால் இரண்டும் ஒரே கறுப்பாகத் தெரிகின்றன. தையல் தெரியாது. நிழலுருவம் என்ற முடிவு அழகுக்காக மட்டும் எடுத்ததல்ல. மூட்டு, கம்பி, ஒட்டு, ஈயம் எல்லாவற்றையும் அது விழுங்கிவிடுகிறது.

வெட்டும் முறையும் கவனிக்க வேண்டியது. ரைனிகர் கத்தரிக்கோல் பிடித்த வலது கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, இடது கையால் காகிதத்தைத் திருப்பித் திருப்பி வெட்டுவார். வெட்டு எப்போதும் ஒரே திசையில் போகும், வளைவு உடையாது. பென்சில் கோடு போட்டு அதன்மேல் வெட்டுகிறவர்களுக்கு வரும் சின்னச் சின்ன முக்குகள் இந்த முறையில் வருவதில்லை.

அப்போ இது நம்ம தோற்பாவைக்கூத்து மாதிரிதானே?

உறவு உண்டு. ஆசிய நிழல் அரங்குகளை ரைனிகர் ஆழ்ந்து மதித்தவர். ஆனால் செய்முறை வேறு. தோற்பாவை ஒளி ஊடுருவும்படி பதப்படுத்திய தோல், சாயம் பூசியது. திரையில் சிவப்பும் பச்சையுமாக நிறத்தோடு விழும். ஆட்டுகிறவர் பாவையை நிமிர்த்திப் பிடித்து, குரலும் பாட்டுமாக அங்கேயே, அந்த நேரத்திலேயே ஆட்டுகிறார்.

அக்மத்தில் உருவம் முழுக் கறுப்பு. கண்ணாடிமேல் படுத்துக்கிடக்கிறது. அது ஒருபோதும் தானாக அசைவதில்லை. கையால் ஒரு மயிரிழை நகர்த்தி, கையை எடுத்து, ஒரு பிரேம் எடுத்து, மறுபடி நகர்த்துகிறார்கள். இன்னொன்று: நாம் பார்ப்பது நிழலையே அல்ல. நிழல், திரையில் விழுவது. இங்கே கேமரா நேராக உருவத்தையே, பின்னொளியில் பார்க்கிறது. அதனால்தான் பரி பானுவின் தலை அலங்காரத்தில் ஊசிமுனை அளவுத் துளைகூட அவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது.

மொத்தம் எத்தனை படம் எடுத்தாங்க? கணக்கு ஒத்து வருதா?

முடிந்த படத்தில் ஏறக்குறைய 96,000 பிரேம்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண். எடுத்தது சுமார் 2,50,000. நொடிக்கு 24 என்று வகுத்தால் 4,000 நொடி, அதாவது 66 நிமிடம் 40 நொடி. படத்தின் நீளத்தோடு ஒத்துப்போகிறது.

1923இலிருந்து 1926வரை மூன்று வருஷம். வருஷத்துக்கு 300 வேலை நாள் என்று வைத்தால், படத்தில் நின்றது நாளொன்றுக்கு 107 பிரேம். திரையில் நாலரை நொடி.

முகமே தெரியல, ஆனா அழுவுறது சிரிக்கிறது எல்லாம் புரியுதே. அது எப்படி?

பக்கவாட்டு முகத்தின் கோடும் உடம்பும் சேர்ந்து செய்யும் வேலை. துக்கம் என்றால் கழுத்துத் துண்டு முன்னால் சாயும், தோள் அதற்கு இரண்டு மூன்று பிரேம் பிந்தி இறங்கும், கை கடைசியாகத் தொங்கும். எல்லா மூட்டும் ஒரே பிரேமில் அசைந்தால் அது பொம்மை. ஒன்றன்பின் ஒன்றாக அசைந்தால் உயிர். ரைனிகர் பாலே நடனத்தையும் நாடக நடிப்பையும் கூர்ந்து பார்த்தவர் என்பது அக்மத் குனியும் ஒவ்வொரு முறையும் தெரியும்.

ஒரே பாத்திரத்துக்குப் பல அளவில் உருவங்கள் இருந்தன. தூரக் காட்சிக்குச் சின்னது, முழு உருவத்துக்கு நடு அளவு, நெருக்கக் காட்சிக்குப் பெரிய தலையும் தோளும் தனியாக. பெரிய தலையில் கண் இமையும் உதடும்கூட அசையும். கைகளைப் பாருங்கள். மந்திரவாதியின் விரல்கள் நீண்டு சிலந்திக்கால்போல் தனித்தனியாக மடங்கும், அக்மத்தின் கை ஒரே வழுவழுப்பான வளைவு. யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதை வெட்டும்போதே முடிவு செய்துவிட்டார்கள்.

இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. உருவம் கேமராவை நோக்கித் திரும்ப முடியாது. வலமிருந்து இடம் திரும்ப வேண்டுமானால் உருவத்தையே மாற்றி வைக்க வேண்டும். அந்த மாற்றத்தை மறைக்கப் பாத்திரத்தைக் குனிய வைப்பார்கள், அல்லது ஒரு தூணுக்குப் பின்னால் நடக்க வைப்பார்கள்.

பின்னணியில் ஆழம் தெரியுதே. மல்டிபிளேன் கேமரா டிஸ்னி கண்டுபிடிச்சது இல்லையா?

ஆழம் இரண்டு வழியில் வந்தது. முதலாவது, ஒளி ஊடுருவும் மெல்லிய தாள்களின் அடுக்கு. ஒரு தாள் என்றால் வெளிர் சாம்பல், இரண்டு என்றால் கொஞ்சம் அடர்த்தி, ஐந்தாறு என்றால் ஏறக்குறையக் கறுப்பு. தூரத்து மலைக்கு ஒரு தாள், நடு மலைக்கு மூன்று, பக்கத்துப் பாறைக்கு முழு அட்டை. தூரத்தில் உள்ளது வெளிறித் தெரிவது இயற்கை என்பதால் கண் இதை உடனே நம்பிவிடுகிறது.

இரண்டாவது, ஒன்றன்மேல் ஒன்றாக இடைவெளி விட்டு வைத்த கண்ணாடிப் பலகைகள். ஒரு தளத்தில் உருவம், வேறொரு தளத்தில் மேகமோ அலையோ. ஒவ்வொன்றையும் தனித்தனியாக நகர்த்தலாம். மல்டிபிளேன் என்று பிற்பாடு பெயர் வாங்கிய ஏற்பாட்டின் கருத்து இதுதான். டிஸ்னி நிறுவனம் தன் பெரிய கேமராவை 1937இல் 'தி ஓல்ட் மில்' குறும்படத்தில் பயன்படுத்தியது. அது பல மடங்கு துல்லியமான இயந்திரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் யோசனை போட்ஸ்டாம் கார் ஷெட்டுக்கு மேலே அதற்கு முன்பே வேலை செய்துகொண்டிருந்தது.

தீ, புகை, பேய் எல்லாம் அட்டையில் வெட்டினது மாதிரி இல்லையே?

இல்லைதான். அது வால்டர் ரூட்மனின் வேலை. அருவ வடிவங்களை மட்டும் வைத்துக் குறும்படங்கள் எடுத்து அப்போதே பெயர் பெற்றவர். அடுத்த வருஷம், 1927இல், பெர்லின் நகரத்தின் ஒரு நாளைப் படமாக்கி இன்னும் புகழ்பெற்றார். மந்திரம் நிகழும் இடங்கள், தீமலையின் குமுறல், ஆவிகளின் போர் ஆகியவற்றில் உருகி ஓடும் ஒளி அவர் கை. ஒஸ்கர் ஃபிஷிங்கர் உருவாக்கிய மெழுகு சீவும் இயந்திரத்தையும் அவர் இதில் பயன்படுத்தினார். பல நிற மெழுகைச் சேர்த்துச் செய்த கட்டியை மெல்லிய துண்டு துண்டாகச் சீவி, ஒவ்வொரு சீவலுக்குப் பின்னும் வெட்டுமுகத்தை ஒரு பிரேம் எடுக்க வேண்டும். கட்டிக்குள் வளைந்து கிடக்கும் கோடுகள் திரையில் புகைபோல் சுழலும். கையால் வரைந்து இந்த வழுக்கலைக் கொண்டுவருவது மிகக் கடினம்.

கடல் பெர்டோல்ட் பார்டோஷ் என்பவருடையது. புயலில் எழும் அலைகளை அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வோர் அடுக்கையும் வேறு வேகத்தில் நகர்த்தினார். பின்னாளில் பாரிசில் 'எண்ணம்' என்று பொருள்படும் தலைப்பில் 1932இல் அவர் முடித்த குறும்படத்திலும் இந்த அடுக்கு ஒளியின் ருசி இருக்கும்.

அப்போ இதை ரைனிகர் படம்னு மட்டும் சொல்றது சரியா?

இயக்கம், உருவங்கள், அசைவு ஆகியவை அவருடையவை. அந்த அளவில் சரி. ஆனால் ஆறு பேர் பெயரையாவது சேர்த்துச் சொல்ல வேண்டும். ரூட்மனையும் பார்டோஷையும் மேலே பார்த்தோம். கார்ல் கோஹ் தொழில்நுட்பப் பொறுப்பு முழுவதையும் சுமந்தார். கேமரா, ஒளி, பிரேம் கணக்கு எல்லாம் அவர் வசம். அலெக்சாண்டர் கார்டானும் வால்டர் டுர்க்கும் உதவியாளர்கள். இசை வோல்ஃப்காங் செல்லர்.

இந்தக் கூட்டணியில் உரசலும் இருந்தது. இந்தத் தேவதைக் கதைக்கும் 1923ஆம் வருஷத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ரூட்மன் கேட்டார். ஒரு சம்பந்தமும் இல்லை, நான் உயிரோடு இருக்கிறேன், செய்ய வாய்ப்பு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்ற பொருளில் ரைனிகர் பதில் சொன்னார். இரண்டு பேரின் ரசனையும் ஒன்றாக இருந்திருந்தால் படத்தில் இவ்வளவு வெளிச்சம் வந்திருக்காது என்றே நினைக்கிறோம். ரைனிகரின் கோடு துல்லியம். ரூட்மனின் ஒளி கோடே இல்லாதது. இரண்டும் மோதுகிற இடங்களில்தான் படம் உச்சத்துக்குப் போகிறது.

மந்திரவாதியும் சூனியக்காரியும் உருவம் மாறிச் சண்டை போடுற காட்சி எப்படி எடுத்தாங்க?

படத்திலேயே பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டிய காட்சி இதுதான். சிங்கம், பாம்பு, தேள், சேவல், கழுகு, மீன் என்று இருவரும் மாறி மாறி உருவெடுத்து மோதுகிறார்கள். கடைசியில் தத்தம் உருவத்துக்கே திரும்பி, தீயை எறிந்து சண்டை போடுகிறார்கள்.

மாற்றம் நடக்கும் இடத்தில் படத்தை நிறுத்தினால் பாதி மிருகம் பாதி மனிதன் என்று எதுவும் இருக்காது. வடிவம் ஒடுங்கி ஒரு கறுப்புத் திட்டாகும். திட்டு இழுபட்டு நீளும். அதிலிருந்து அடுத்த மிருகத்தின் கால் முளைக்கும். மூட்டு உருவத்தால் இதைச் செய்ய முடியாது. நடுவில் வரும் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனி அட்டையாக வெட்டி, பிரேமுக்குப் பிரேம் மாற்றி வைப்பதுதான் வழி. எல்லாமே கறுப்பு என்பதால் இங்கேயும் ஒட்டுத் தெரியவில்லை. (ஈயம் பற்றிய பதிலில் சொன்ன அதே வசதி.)

இதில் எது கெடும் என்றால், திட்டின் பரப்பளவு. ஒரு பிரேமில் திட்டு திடீரெனச் சிறுத்துவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு அது வெட்டுப்போலத் துள்ளும். ஒரே அளவு கறுப்பு நசுங்கி நீண்டு உருமாறுவதாகத் தோன்றினால்தான் அது ஒரே உயிர் என்ற நம்பிக்கை நிற்கும்.

அலாவுதீன் கதை இதுக்குள்ள ஏன் வந்தது? கதை கொஞ்சம் சிதறுதே?

சிதறுகிறது, உண்மை. ஆனால் தேர்வின் தர்க்கம் தெளிவு: நிஜ நடிகர்களை வைத்து அன்று எடுக்க முடியாத நிகழ்ச்சிகள் எங்கே அதிகம் என்று பார்த்து எடுத்திருக்கிறார்கள். பறக்கும் குதிரை, இறகு உடை அணிந்து பறக்கும் பெண்கள், உருமாறும் சண்டை, விளக்கிலிருந்து வரும் ஆவிகள். நடிகர் செய்யக்கூடியதை அட்டையில் செய்வானேன் என்ற கேள்வியிலிருந்து பிறந்த திரைக்கதை இது. அலாவுதீன் தினார்சாதேயை மணப்பதாக வைத்து, இரண்டு கதைகளின் நுனியையும் ஒரே குடும்பத்தில் முடிச்சுப் போட்டார்கள்.

ஊமைப்படத்துக்கு எதுக்குத் தனி இசையமைப்பாளர்?

பல ஊமைப்படங்களுக்கு அரங்கில் இருக்கும் வாத்தியக்காரர்கள் கைவசமிருந்த மெட்டுகளை வாசித்தார்கள். அக்மத்துக்கு அப்படி விட முடியாது. அசைவு பிரேம் கணக்கில் திட்டமிட்டது. அதனால் செல்லர் முழு வாத்தியக் குழுவுக்கும் இசை எழுதினார். ஊர்வலம் போன்ற காட்சிகளில் மெட்டு முந்தியது, நடை பிந்தியது. தாளம் நொடிக்கு இரண்டு அடி என்றால் காலடி 12 பிரேமுக்கு ஒருமுறை தரையில் பட வேண்டும். ஒரு பிரேம் தள்ளினால் தெரியாது, மூன்று தள்ளினால் அரங்கமே உணரும்.

படம் கறுப்பு வெள்ளையா, கலரா? நான் பார்த்ததுல நீலம், மஞ்சள் எல்லாம் வந்தது.

எடுத்தது கறுப்பு வெள்ளை ஃபிலிமில். பிரதி போட்ட பிறகு, காட்சிக்குக் காட்சி ஃபிலிமைச் சாயத்தில் தோய்த்தார்கள். இரவுக்கு நீலம், விளக்கொளிக்கு மஞ்சள் என்பதுபோல. சாயம் ஒளி படும் இடத்தில்தான் தெரியும், உருவம் கறுப்பாகவே நிற்கும். நிழலுருவப் படத்துக்குச் சாயமூட்டல் இவ்வளவு பொருந்துவதற்கு அதுதான் காரணம்.

மூல நெகட்டிவ் இரண்டாம் உலகப்போரின் முடிவில் பெர்லினில் அழிந்தது. சாயம் தோய்த்த பழைய நைட்ரேட் பிரதி (அக்கால ஃபிலிம் வகை) ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் காப்பகத்தில் இருந்தது. அதை வைத்துப் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஜெர்மானியத் திரைப்பட அருங்காட்சியகம் 1990களின் இறுதியில் மீட்டெடுத்தது. நீங்கள் பார்த்தது அதன் வழிவந்த பிரதி. சாயமில்லாத, வேகமாக ஓடும், வேறு ஏதோ பியானோ இசை போட்ட பிரதிகளும் சுற்றுகின்றன. அவற்றைத் தவிர்த்து, செல்லரின் இசையோடு வரும் சாயப் பிரதியைத் தேடிப் பாருங்கள்.

அங்கங்கே வெளிச்சம் துடிக்குதே. பிரிண்ட் கோளாறா?

நைட்ரேட் பிரதியின் வயது ஒரு காரணம். அதைத் தாண்டி, பிரேம் பிரேமாக எடுக்கும் எந்தப் படத்துக்கும் உள்ள நோய் இது. மின்னழுத்தம் சற்று ஏறி இறங்கினாலும், ஒரு தாள் மடிந்து அடுக்கு இரட்டித்தாலும் அடுத்த பிரேமின் வெளிச்சம் மாறும். ஓடும்போது அது துடிப்பாகத் தெரியும்.

படம் வந்தவுடனே ஓடுச்சா?

எந்தத் தியேட்டரும் முதலில் எடுக்கவில்லை. குழுவே 1926 மே 2 அன்று பெர்லினின் ஃபோல்க்ஸ்பூனே நாடக அரங்கில் காட்டியது. வரவேற்பு பிரமாதம். ஜூலையில் பாரிசில் திரையிடப்பட்டு அங்கேயும் வென்றது. இயக்குநர் ஜான் ரெனுவாரின் நட்பு அங்கே துணைநின்றது. அவருடைய 1938ஆம் வருஷத்து 'லா மார்சேயேஸ்' படத்தில் வரும் நிழற்கூத்துக் காட்சியை ரைனிகர்தான் செய்து கொடுத்தார். பெர்லினில் வழக்கமான சினிமா தியேட்டருக்கு அக்மத் வந்தது செப்டம்பரில்தான்.

ஆப்பிரிக்க மந்திரவாதியை வரைஞ்ச விதம் நெருடலா இருக்கே. இதை எப்படிப் பார்க்கறது?

நெருட வேண்டியதுதான். வில்லனுக்குக் கொடுத்த மூக்கும் விரலும் கூனலும் அன்றைய ஐரோப்பியக் கேலிச்சித்திரங்களின் சரக்கு. வாக் வாக் தீவின் பேய்கள், சீன அரசவை ஆகியவற்றிலும் "கீழைத்தேசம்" என்ற கற்பனைச் சரக்கு உண்டு. நிழலுருவக் கலை ஒரு கோட்டில் ஆளை அடையாளம் காட்டியாக வேண்டிய கலை என்பது காரணமாகலாம், நியாயமாகாது. ஒரு கோட்டில் காட்ட வேண்டும் என்னும்போது எந்தக் கோட்டைத் தேர்ந்தார்கள் என்பதே கேள்வி.

குழந்தைகளோடு பார்ப்பதானால் இதை மழுப்பாமல் சொல்லிவிட்டுப் போடுங்கள். ரைனிகரின் அரசியல் என்னவென்று கேட்பவர்களுக்கு: ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் அவரும் கோஹும் ஜெர்மனியை விட்டு வெளியேறி நாடு நாடாக அலைந்தார்கள். நோயுற்ற தாயைப் பார்க்கப் போரின் நடுவே பெர்லின் திரும்ப நேர்ந்தது. 1949இல் லண்டனில் குடியேறினார்கள். அங்கே 1950களில் அவர் எடுத்த நிழலுருவக் குறும்படங்களுக்குத் தயாரிப்பில் கூட நின்றவர், அந்த வங்கியாளர் ஹாகனின் மகன்.

வீட்டில் செஞ்சு பார்க்கலாமா? என்னென்ன வேணும்?

தாராளமாக. ரைனிகரே தம் புத்தகத்தில் சாப்பாட்டு மேசையில் துளை போட்டு, கண்ணாடி பதித்து, கீழே விளக்கு வைக்கச் சொல்கிறார். மேசையை வெட்ட மனமில்லாவிட்டால் இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே ஒரு கண்ணாடிப் பலகை போதும். அதன்மேல் டிரேசிங் பேப்பர் ஒன்று, கீழே எல்.இ.டி. பேனல் விளக்கு. மொபைலை நேராகக் கீழே பார்க்கும்படி ஸ்டாண்டில் கட்டுங்கள். ஸ்டாப் மோஷன் செயலி ஏதாவது ஒன்று போதும். ஃபோகஸ், வெளிச்சம், நிற அளவு மூன்றையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால், மேலே சொன்ன துடிப்பு உங்கள் படத்திலும் வரும்.

உருவத்துக்குக் கெட்டியான கறுப்பு அட்டை. முதல் முயற்சிக்குப் பத்துத் துண்டு போதும்: தலை, உடம்பு, மேல்கை இரண்டு, முன்கை இரண்டு, தொடை இரண்டு, பாதத்தோடு சேர்ந்த கால் இரண்டு. மூட்டு நுனிகளை வட்டமாக வெட்டி, ஒரு சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விடுங்கள். ஊசியால் துளையிட்டு, பழைய ஒயருக்குள் இருக்கும் செம்புக் கம்பி ஒரு இழையைக் கோத்து, இருபுறமும் சுருட்டி நசுக்குங்கள். இறுக்கினால் கையை அசைக்கும்போது உடம்பும் கூட வரும். தளர்த்தினால் வைத்த கை நழுவும். தூக்கிப் பிடித்து லேசாக ஆட்டினால் மட்டும் கை விழ வேண்டும், அதுதான் அளவு. ஈயம் வேண்டாம், நச்சு. எடைக்கு உடம்பிலும் பாதத்திலும் சின்ன வாஷர் ஒட்டுங்கள். அது திரையில் தெரியாது என்பது இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நொடிக்கு 12 படம் வைத்தால் பத்து நொடிக்கு 120 படம். நடைக்கு ஓர் அடிக்கு ஆறு படம். தரையில் ஊன்றிய பாதத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உடம்பை முன்னால் தள்ளுங்கள். பாதத்தை விட்டுவிட்டு உடம்பை நகர்த்தினால் உருவம் பனிமேல் சறுக்குவதுபோல் போகும், முதல்முறை செய்யும் எல்லோருக்கும் நடப்பது இதுதான். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு இருபது படத்துக்கும் கண்ணாடியில் தூசி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னொளியில் ஒரு தூசிகூடக் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். இடையில் உருவத்தைத் தவறித் தட்டிவிட்டால் கண்ணளவில் சரி செய்யாதீர்கள். செயலியில் முந்தைய படத்தை மங்கலாக மேலே காட்டும் வசதியைப் போட்டு, அதன்மேல் பொருத்தி வைத்துவிட்டு அடுத்த படத்தை எடுங்கள்.